வள்ளத்துக்கு எந்த விளக்கு? நாலு வகையும் நம்ம கடலும்

உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் என்று நம் திருநெல்வேலிக் கரையிலிருந்து ராத்தொழிலுக்கு, அதாவது ராத்திரி மீன்பிடிக்க, போகிற ஃபைபர் வள்ளங்களில் (படகுகளில்) நாலு வகை விளக்கைப் பார்க்கலாம். கை டார்ச், வீட்டில் கரண்ட் போனால் எரிய வைக்கிற எமர்ஜென்சி லைட், விட்டு விட்டு மின்னும் கலர் லைட், பேட்டரியில் எரியும் முறையான படகு விளக்கு. எதிரே வருகிறவனுக்கு நாம் இருப்பதையும், எந்தப் பக்கம் போகிறோம் என்பதையும் இவற்றில் எது சொல்கிறது? அதை வைத்துத்தான் நாலையும் எடை போடுகிறேன்.

குமரி முனையைச் சுற்றித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போகிற கப்பல்கள் நமக்கு வெளியே ஓடிக்கொண்டே இருக்கின்றன. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை 4 நிமிடத்தில் கடந்துவிடும். நம் விளக்கு இரண்டு மைலில் தெரிந்தால் கப்பல்காரருக்கு 8 நிமிடம் கிடைக்கும். அரை மைலில் தெரிந்தால் கிடைப்பது 2 நிமிடம்தான். பெரிய கப்பல் அதற்குள் திரும்பி முடிக்காது. அவர் கரைப்பக்கம் பார்க்கும்போது நம் பின்னால் கூடங்குளம் அணுமின் நிலையத்து விளக்குகளும் ஊர் விளக்குகளும் வரிசையாக நிற்கும். தாழ இருக்கிற ஒற்றை வெள்ளை விளக்கு அதில் கலந்து காணாமல் போகும்.

கை டார்ச் அவசரத்துக்கு ஆகும். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், துடுப்புப் போடும் படகும் 7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகும் வெள்ளை டார்ச்சைக் கையில் தயாராக வைத்து நேரத்துக்குக் காட்டினால் போதும் என்கின்றன. ஆக, கட்டுமரத்துக்குச் சரி. இஞ்சின் வள்ளத்துக்கு அது துணை விளக்கு மட்டுமே. எல்லாரும் வலை வாங்கிக்கொண்டிருக்கும்போது, அதாவது வலையை இழுத்து ஏற்றும்போது, டார்ச் யார் கையில் இருக்கும்?

எமர்ஜென்சி லைட்டை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அது உள்ளே மீன் பிரிப்பதற்கான வெளிச்சம். வள்ளத்தின் விளிம்பும் நிற்கிற ஆட்களும் அதை மறைத்துவிடுவார்கள், உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் செத்துப்போகும். அதைவிட மோசம், அது நம் கண்ணைக் கெடுப்பது. பளிச்சென்ற வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த கண், இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் காவல் பார்க்கிறவர் பாதிக் குருடர். உள்வேலைக்கு மங்கலான சிவப்பு விளக்கு நல்லது.

இப்போது அதிகம் விற்பது மின்னும் விளக்குதான். விலை கொஞ்சம், சோலாரில் தானே சார்ஜ் ஏறும், தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் நம் கடலில் வலையின் கடைசிப் போயாவிலும் (மிதவையிலும்) அதே விளக்கைத்தான் கட்டுகிறோம். வள்ளத்திலும் அதையே கட்டினால், ஓடுகிற வள்ளம் கிடக்கிற போயாவாகத் தெரியும். விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்துக்கு எவ்வளவு தூரம் என்று கணிப்பதும் கஷ்டம், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் பிடிபடாது. பளீரென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்குகளைத் தவிர்க்கச் சொல்லி விதியே இருக்கிறது. போயாவுக்கு வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். வள்ளத்தில் வேண்டாம்.

நாலாவது வகை சுலபமானது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து அந்தப் பக்கமாக 112.5 பாகைக்குத் தெரியும். அதோடு கம்பத்தின் மேல் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை. 12 மீட்டருக்குக் குறைந்த இஞ்சின் படகுக்கு இவ்வளவே போதும். வெள்ளை இரண்டு மைலும் கலர் விளக்குகள் ஒரு மைலும் தெரிய வேண்டும். வெள்ளை மட்டும் போதும் என்ற சலுகை, 7 மீட்டருக்குக் குறைந்து 7 நாட்டுக்கு மேல் ஓடாத படகுக்குத்தான். 28, 30 அடி (எட்டரை, ஒன்பது மீட்டர்) வள்ளம் அதற்குள் வராது.

இதன் அருமை கடலில்தான் தெரியும். "எல, அது எந்தப் பக்கம் போவுது?" என்று ஒருவர் கேட்க, "செவப்பும் பச்சையும் சேந்து தெரியுதுல்லா மாமா, நேரே நம்ம மேலதான் வாரான்" என்று பதில் வரும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அவன் நமக்கு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குறுக்கே போகிறான். வேறு எந்த விளக்கும் இந்தச் சேதியைத் தராது.

கரண்டுக்கு எங்கே போவது என்பார்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் அவுட்போர்டு (வெளியே மாட்டும்) இஞ்சின் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் வசதி இல்லை, அது மெய்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 84 வாட்-அவர். பாதிக்குக் கீழே இறக்காமல் எடுத்தால் 42. பழைய 10 வாட் குண்டு பல்பு நாலு மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். மொத்தம் 3 வாட் எல்.இ.டி. விளக்குகள் 12 மணி நேரத்துக்கு 36 வாட்-அவர்தான் எடுக்கும். விடிய விடிய எரியும்.

எல்.இ.டி.யிலும் இரண்டு சிக்கல் உண்டு. பழைய கலர் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி. பல்பைச் செருகினால் நிறமும் தூரமும் மாறிவிடும். சிவப்புக்குச் சிவப்பு எல்.இ.டி., பச்சைக்குப் பச்சை என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மட்டமான எல்.இ.டி., கடலில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதைப் பற்றி எச்சரித்தது. கரையிலேயே சோதிக்கலாம். பேச்சில்லாத சேனலில் ரேடியோவை வைத்து, இரைச்சல் அப்போதுதான் அடங்குகிற இடத்தில் ஸ்குவெல்ச் என்னும் இரைச்சல் அடக்கும் குமிழைத் திருப்பி நிறுத்துங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் அந்த விளக்கு வேண்டாம். வயரும் ஈயம் பூசியதாக இருக்கட்டும். வெறும் செம்பில் களிம்பு ஏறிவிடும்.

வலை விட்டுக் கிடக்கும்போது அடையாளம் வேறு. இழுவை அல்லாத வலைக்கு, சுற்றிலும் தெரியும் சிவப்பு மேலே, வெள்ளை கீழே. வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால் அந்தத் திசையில் இன்னொரு வெள்ளை. விளிம்புக்கு 2 மீட்டர் மேலே வெள்ளை, அதற்கு ஒரு மீட்டர் மேலே சிவப்பு என்று கழற்றி மாட்டும் கம்பமாகச் செய்துகொண்டால் வலை வாங்கும்போது இடைஞ்சலாகாது. கம்பத்து வெள்ளை ராத்திரி முழுக்க எரியட்டும். அணியத்து (முன்பக்கத்து) சிவப்பு, பச்சை இரட்டை விளக்குக்கு ஒரு சுவிட்ச், கம்பத்து உச்சியின் சிவப்புக்கு ஒரு சுவிட்ச். ஓடும்போது முதலாவது, வலை விட்டு நின்றதும் அதை அணைத்து இரண்டாவதைப் போடுங்கள்.