தான்யாவை எதில் சந்திப்பது: அனிமேயா, மாங்காவா, நாவலா?

தான்யா என்ற சிறுமியின் கதையைச் சொல்லும் ஜப்பானியப் படைப்பு ‘யோஜோ சென்கி’. பெயரைச் ‘சிறுமியின் போர்க்கதை’ என்று சொல்லலாம். ஆங்கிலத்துக்குப் போனதும் அது ‘சாகா ஆஃப் தான்யா தி ஈவில்’ ஆகிவிட்டது. அவள் கெட்டவள் என்று அட்டையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா என்பது எந்த வடிவத்தில் அவளைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்லோ ஸென் எழுதிய லைட் நாவல் (இளம் வாசகர்களுக்கான ஜப்பானிய நாவல் வகை) 2013ல் புத்தகமாக வந்தது. சிகா டோஜோ வரையும் மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், 2016ல் தொடங்கியது. நட் ஸ்டுடியோவின் 12 எபிசோட் அனிமே, அதாவது அனிமேஷன் தொடர், 2017 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கதை ஒன்றுதான், தான்யா மட்டும் மூன்று பேர்.

கதை தெரியாதவர்களுக்கு: டோக்கியோவில் ஒரு மனிதவள அதிகாரி. வேலையை விட்டுத் தூக்கிய ஊழியர் ஒருவர் அவரை ரயில் முன்னால் தள்ளிவிடுகிறார். சாகும் நொடியில் கடவுள் என்று சொல்லிக்கொண்டு எதிரே வந்த ஒன்றிடம், ‘உங்கள் நிர்வாக முறையே சரியில்லை’ என்கிற ரீதியில் வாதாடுகிறார். தண்டனையாக மறுபிறவி. மறுபிறவி நமக்குப் பழகிய சங்கதிதான். முற்பிறவியின் ஆபீஸ் புத்தி அப்படியே ஒட்டிக்கொண்டு வருவதுதான் இங்கே வேடிக்கை. முதல் உலகப்போர்க் கால ஜெர்மனியின் ஜாடையில் உள்ள ஒரு பேரரசில், தான்யா என்ற அநாதைச் சிறுமியாக, மந்திர சக்தியோடு பிறக்கிறார். கட்டாயம் ராணுவத்துக்குத்தான் இழுப்பார்கள் என்று தெரிந்ததும் தானே முந்திக்கொண்டு சேர்கிறாள். அவள் கனவெல்லாம் ஒன்றுதான்: பதவி உயர்ந்து, பின்களத்தில் ஒரு மேஜை, நல்ல காபி.

அனிமே இதையெல்லாம் உடனே சொல்வதில்லை. முதல் எபிசோடில் நேராக ரைன் போர்முனைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிடுகிறது. சேறு, பீரங்கி, நடுவில் பேய்ச் சிரிப்போடு ஒரு பொடிசு. யார் இவள் என்பது இரண்டாம் எபிசோடில்தான் தெரிகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு நல்ல அடி. நாவல் ரயில் சம்பவத்தை ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுவதால் அந்த அதிர்ச்சி அங்கே இல்லை.

அனிமேயின் உண்மையான பலம் ஆவோய் யூகியின் குரல். டேசியா காட்சியைப் பாருங்கள். விமானப்படையே இல்லாமல் ஆறு லட்சம் பேரை எல்லை தாண்ட விட்ட நாடு அது. தான்யாவின் படை அதன் தலைநகர ஆயுதத் தொழிற்சாலைக்கு மேலே பறந்து வந்து நிற்கிறது. போர்ச்சட்டப்படி குண்டு போடும் முன் எச்சரிக்க வேண்டும். அவள் குரலை மாற்றி, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் உறுதிமொழி வாசிக்கும் குழந்தை மாதிரி மழலையில் எச்சரிக்கையைப் படிக்கிறாள். எவன் நம்புவான்? சட்டம் காப்பாற்றப்பட்டது, தொழிற்சாலை போயிற்று. காகிதத்தில் இதை எப்படி எழுதினாலும் அந்தக் குரல் வராது.

ஆனால் அனிமே அவள் மனசுக்குள் பேசுவதை நிறைய வெட்டிவிட்டது. அதனால் என்ன நஷ்டம் என்பதற்குப் போர்க்கல்லூரி நூலகக் காட்சி போதும். ஜெனரல் ஸெட்டூர் எதிர்பாராமல் பேச்சுக் கொடுக்கிறார். தான்யா, இன்டர்வியூவில் மேலதிகாரியைக் கவர நினைக்கும் பட்டதாரி மாதிரி, இது உலகப்போராக விரியும், விரைந்து பாயும் மாயவீரர் பட்டாலியன் ஒன்று வேண்டும் என்று அடுக்குகிறாள். அவள் கணக்கு: அறிவாளி என்று பேர் வாங்கினால் தலைமையகத்தில் உட்காரலாம். அவர் கணக்கு: இவ்வளவு தெரிந்தவளே அதை நடத்தட்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆளே வரக்கூடாது என்று ‘உயிரோடு திரும்புவது சந்தேகம்’ என்கிற தொனியில் ஆளெடுப்பு விளம்பரம் போட்டால், அதற்கும் கூட்டம் அலைமோதுகிறது. கடைசியில் 48 பேரோடு 203ஆம் பட்டாலியன் பிறக்கிறது. அனிமேயில் இது நல்ல நகைச்சுவை. நாவலில் அவளுடைய ஒவ்வொரு தப்புக்கணக்கும் அவள் வாயாலேயே நீளுவதால் இதுதான் கதையின் முதுகெலும்பு என்று புரிகிறது.

அதற்காக நாவலை எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆர்கேடியா என்ற இணையதளத்தில் தொடராக வந்தது அது. எடிட்டர் கத்தரிக்காத வாசனை இன்னும் போகவில்லை. சந்தையை நம்பும் சிகாகோ பொருளியல், தளவாடக் கணக்கு, கமிட்டிக் கூட்டம் என்று பக்கம் பக்கமாகப் போகும். முதல் பாகத்தை நான் இரண்டு முறை பாதியில் மூடி வைத்தேன். ஆனால் போருக்குப் பல வருடம் கழித்து, ஆவணங்களில் மறைக்கப்பட்ட ஒரு பெயரைத் துரத்தும் நிருபரின் பகுதிகள் உண்டே, அவற்றுக்காக மறுபடி எடுத்தேன். வரலாறு இவளை எப்படி எழுதப்போகிறது என்ற கேள்வி அனிமேயில் இந்த அளவுக்கு இல்லை.

மாங்கா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று சொன்னால் டோஜோவுக்குச் செய்யும் அநியாயம். முகங்களை மட்டும் சொல்கிறேன். அனிமேயில் தான்யாவின் கண்ணும் உதடும் பலருக்கு உறுத்தின, அவளுடைய துணை அதிகாரி விக்டோரியாவை அடையாளமே தெரியவில்லை என்று புலம்பியவர்கள் உண்டு. மாங்காவில் அதே தான்யா ஒரு பக்கத்தில் கொழுகொழுவென்று, அடுத்த பக்கத்தில் ரத்தம் உறைய வைப்பவளாக மாறுகிறாள். அவள் உள்ளுக்குள் நடுங்குவதும், எதிரே நிற்கும் தலைமையக அதிகாரி ரெருகன் அதைக் கொலைவெறி என்று நினைத்து நடுங்குவதும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த கட்டங்களில் வந்துவிடுகின்றன. நாவலுக்கு மூன்று பக்கம் பிடிப்பது இங்கே மூன்று கட்டம்.

யுத்த தந்திரம் புரியவும் மாங்காதான். ரைனில் பேரரசு வேண்டுமென்றே பின்வாங்கி, எதிரியை உள்ளே இழுத்து, மண்ணுக்கடியில் வைத்த வெடியை வெடித்து, சுழற்கதவு போலச் சுற்றி வளைக்கிறது. 1917 ஜூன் 7ல் மெஸீனில் பிரிட்டிஷ் படை 19 சுரங்க வெடிகளை வெடித்த சம்பவம் தெரிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபடும். அனிமேயின் வேகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே எனக்கு இரண்டாம் முறைதான் விளங்கியது. மாங்கா நிதானமாக வரைபடம் போட்டு விளக்கும்.

கிளர்ச்சி வெடித்த அரேன் நகரத்தைப் பேரரசு அடக்கும் காட்சியில் மட்டும் அனிமேக்கு எழுந்து நின்று கைதட்டலாம். ஓடும் மக்கள் மீது சுடத் தயங்கும், தன் படையின் இளம் வீரன் கிராண்ட்ஸிடம் தான்யா கத்தவில்லை, சட்டத்தைச் சொல்கிறாள். இந்த நடவடிக்கைக்கான சட்ட ஓட்டை அவளே கல்லூரியில் எழுதிய கட்டுரைதான் என்பதை ரெருகன் நினைவுகூர்கிறார். அந்த எபிசோடில் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

என் வரிசை இதுதான்: முதலில் அனிமேயின் 12 எபிசோட். பிடித்தால் மாங்காவை முதலிலிருந்து. ‘அதான் பார்த்தாச்சே’ என்று தாண்டிப் போகாதீர்கள். அந்த 12 எபிசோடும் நாவலின் முதல் மூன்று பாகத்தோடு நின்றுவிடுவதால், அதற்கப்பாலும் ஆசை இருந்தால் நாவலின் நான்காம் பாகம். 2019 படத்தை அனிமே முடிந்த கையோடு பார்த்துவிடலாம். அதில் எதிரிப் படையின் மேரி ஸூ என்ற பெண்ணுடன் மோதி, செத்துப் பிழைத்து, ஒருவழியாகத் தான்யாவுக்குக் கேட்ட பின்களப் பணி கிடைக்கிறது. சும்மா இருக்காமல் ஓர் ஆய்வறிக்கை எழுதிக் கொடுக்கிறாள். ஸெட்டூர் படித்துப் பார்த்து மிகவும் மெச்சுகிறார், சாலமாண்டர் என்று பேர் வைத்த புதுப் படையணியை அவள் கையிலேயே கொடுக்கிறார்.