‘முட்டை போட்ட ஜோடி’ என்று சொல்லி ஏஞ்சல் மீன் விற்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கடந்த ஆண்டு தை மாதத்தில், குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையில், கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் ஏஞ்சல் மீனில் ஒரு ஜோடியை 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காசளவுக் குஞ்சு ஒன்று 50 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் இவ்வளவு பணம் கொடுக்க ஒரே காரணம், விற்றவர் வாட்ஸப்பில் அனுப்பிய காணொளிதான். வெள்ளைப் பிவிசி குழாயில் வரிசை வரிசையாக முட்டைகள் ஒட்டியிருக்க, இரண்டு மீன்களும் மாறி மாறித் துடுப்பால் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தன. “உறுதியான பிரீடிங் பேர் சார், நாலு முறை முட்டை போட்டாச்சு” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும், ஆனாலும் நான் ஏமாற்றப்பட்டேன் என்பதும் மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாளே மீன்கள் முட்டையிட்டன. 28 டிகிரி வெப்பத்தில் இரண்டரை நாளில் பொரிந்துவிடும் என்று படித்திருந்ததால், அன்று இரவு வீட்டில் யாரையும் தொட்டிப் பக்கம் நடமாட விடவில்லை. மறுநாள் மாலைக்குள் முட்டைகள் ஒவ்வொன்றாகப் பால்போல் வெளுத்தன. மூன்றாம் நாள் பஞ்சு படர்ந்தாற்போல் பூஞ்சை பிடித்து, மீன்களே அவற்றைத் தின்று தீர்த்தன. விற்றவரைக் கேட்டபோது தண்ணீரைக் குறை சொன்னார். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்றார். இரண்டு நாள் பிடித்து வைத்து ஊற்றினேன். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அதிகம் என்றார், ஆர்.ஓ. தண்ணீர் கலந்தேன். ஹீட்டரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இவை எல்லாமே முட்டை கெடுவதற்கு உண்மையான காரணங்களாக இருக்கக்கூடியவை என்பதால்தான் ஒவ்வொரு முறையும் அவரை நம்பினேன். சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஐந்து முறை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. நான்காம் முறை குழாயைத் தனித் தொட்டிக்கு மாற்றி பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாயமான மெத்திலீன் புளூ விட்டேன். உயிருள்ள முட்டை நிறம் ஏறாமல் தெளிவாக நிற்கும், செத்தது நீலம் பிடிக்கும். ஒன்று விடாமல் அத்தனையும் நீலமாயின.

ஐந்தாம் முறைதான் முட்டையிடும் நேரத்தில் கண்ணாடிக்கு அருகில் அமர்ந்து, மங்கலான டார்ச் வெளிச்சத்தில் கவனித்தேன். ஏஞ்சல் மீனில் ஆண் பெண் வேறுபாடு வெளித்தோற்றத்தில் தெரியாது. நெற்றி மேட்டை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகம்தான். முட்டையிடும் நாளை ஒட்டி வயிற்றுக்கு அடியில் நீளும் சிறு குழல்தான் நம்பத்தக்க அடையாளம்: பெண்ணுக்கு அது தடித்து, முனை மழுங்கியிருக்கும்; ஆணுக்கு ஒல்லியாக, கூராக இருக்கும். என் தொட்டியில் இரண்டுக்கும் தடித்த குழல். ஒன்று முட்டை வைத்துக்கொண்டே மேலே ஏற, பின்னால் வந்த இரண்டாவது மீனும் முட்டைதான் வைத்தது. ஆண் கிடைக்காத இடத்தில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் சேர்ந்துகொண்டு, இடம் சுத்தம் செய்து, முட்டையிட்டு, காவலும் காக்கும்; ஆண் சேராததால் அந்த முட்டைகள் பொரியாது. ஆகவே முட்டைக்கு விசிறும் காணொளி எதையுமே நிரூபிப்பதில்லை. இத்தனை முறை முட்டை வெளுத்ததைப் பார்த்த ஒரு விற்பனையாளருக்கு இது தெரிந்திருக்காது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, உயிருள்ள பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்க நினைத்து ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் ‘மீன் 2’ என்று மட்டுமே எழுதியிருந்தது. ‘ஆண், பெண் ஜோடி’ என்று எழுதி வாங்காதது என் பெரிய தவறு. இந்தத் தொழிலில் நேர்மையானவர்கள் நிறைய இருக்கிறார்கள். சென்னை கொளத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர், கேட்காமலே ஜோடியோடு அதன் குஞ்சுகளையும் காட்டுவார். நீங்களும் முட்டையை அல்ல, பொரிந்த குஞ்சைக் காட்டச் சொல்லுங்கள். குழாயில் ஒட்டியபடி வாலாட்டிக்கொண்டிருக்கும் புதுக்குஞ்சுகளுடன் அதே ஜோடி தெரியும் காணொளி இருந்தால் நல்லது. அது முடியாது என்றால் ஜோடி விலை கொடுக்காதீர்கள்.

நான் சித்திரையில் ஆறு சிறு குஞ்சுகளை வாங்கி வளர்த்தேன். கார்த்திகையில் அவற்றில் இரண்டு தாமாகவே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கின. அவற்றின் முட்டைகள் பொரிந்தன. அங்கேயும் ஓர் அடி விழுந்தது. வேறொரு கடையில் சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்ற ஆர்ட்டீமியா முட்டையை வாங்கி வைத்திருந்தேன்; உப்புத் தண்ணீரில் பொரியும் இந்த நுண்ணிய இறால் வகைதான் மீன் குஞ்சுகளுக்கு இரை. பொரிந்து ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் உயிருள்ள இரை வேண்டும். அன்று போட்ட ஆர்ட்டீமியா, கல்லுப்புத் தண்ணீரில் இரண்டு நாள் காற்று கொடுத்தும் பழுப்புப் பொடியாகவே சுழன்றது. அவித்த மஞ்சள் கரு கொடுத்துப் பார்த்தேன், தண்ணீர்தான் கெட்டது. இருநூறுக்கு மேல் இருந்தவற்றில் முப்பதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இரை எடுத்த குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் புள்ளியாகத் தெரியும். என் குஞ்சுகளின் வயிறு ஒட்டிப்போய்க் கண்ணாடிபோல் இருந்ததை மறக்க முடியவில்லை. தேதியில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். மூடிய டின்னாக இருந்தாலும், மீன் முட்டையிட்ட அன்றே ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். ஒன்றரை நாளுக்குள் ஆரஞ்சு நிறப் புழுதிபோல் வெளிச்சத்தை நோக்கித் திரளவில்லை என்றால், வேறு வாங்க இன்னும் நாள் இருக்கும்.

அந்த இரண்டு பெண் மீன்களையும் நான் யாருக்கும் விற்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பு, வேறொரு எண்ணிலிருந்து அதே பழைய காணொளி, ‘புதிய ஜோடி, ஒன்று மட்டுமே உள்ளது’ என்ற வரியோடு எனக்கே வந்தது. அது உங்களுக்கும் வந்தால், குழாயின் இடப்பக்கம் நிற்கும் மீனைப் பாருங்கள்: மீசைபோல் தொங்கும் வயிற்றுத் துடுப்புகளில் ஒன்று பாதியில் முறிந்து, முனை வெளுத்திருக்கும். அந்த மீன் ஓராண்டுக்கு மேலாக என் வீட்டுத் தொட்டியில்தான் இருக்கிறது.