மானிடவியல் பட்டம்: மூன்று வருடம் படித்தவளின் மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஓர் அத்தை என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். அவருடைய மகன் நான்காம் படிவம், பதினாறு வயது. இரவெல்லாம் கைப்பேசி, பகலெல்லாம் தூக்கம். "நீதான் மனசைப் பற்றிப் படித்தவளாயிற்றே, அவனிடம் கொஞ்சம் பேசிப் பாரேன்" என்றார். நான் படித்தது மனோவியல் இல்லை அத்தை, மானிடவியல், மக்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று ஆராய்வது என்றேன். "எல்லாம் மனுசன் சம்பந்தப்பட்டதுதானே" என்று சொல்லிவிட்டார். போய்ப் பேசினேன். எதிர்காலம் பற்றி அவன் என்னைவிடத் தெளிவாக இருந்தான்.

பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகளின் அம்மாக்கள் இப்போது என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்: அந்தப் படிப்பு எப்படி, சேர்த்துவிடலாமா? ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதைவிட எழுதிவிடுவது மேல். படித்தது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

விண்ணப்பத்தில் இந்தப் படிப்பை ஆறாவது இடத்தில்தான் போட்டிருந்தேன். முதல் ஐந்தும் கிடைக்கவில்லை. முதல் வருடம் பெரும்பாலும் சமூகவியலோடு கலந்த பாடங்கள். விரிவுரை மலாயில், படிக்கவேண்டிய கட்டுரைகள் ஆங்கிலத்தில், புரிந்துகொள்வது எனக்குத் தமிழில். அமெரிக்காவில் இந்தத் துறைக்குள் தொல்லியல், மொழியியல், உடற்கூறு சார்ந்த மானிடவியல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும். எங்களுக்கு அவை ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம் அளவுதான். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய பேராக் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்த இடம். எங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம். மூன்று வருடத்தில் அங்கே ஒரு தடவைகூட அழைத்துப்போகவில்லை. எலும்பு, மண்டையோடு என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது உறவுமுறைப் பாடம். விரிவுரையாளர் பலகையில் முக்கோணமும் வட்டமுமாக வரைந்தார். முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரண்டு கோடு போட்டால் கல்யாணம். மலாயில் பெரியப்பா மகனும் மாமா மகனும் செபுப்பூதான். ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். நான் கையைத் தூக்கி, எங்களுக்குப் பெரியப்பா மகன் அண்ணன், மாமா மகன் கட்டிக்கொள்ளும் முறை என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டு, லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871இலேயே தமிழர் உறவுச் சொற்களை வட அமெரிக்காவின் இரோக்குவாய் மக்களுடைய சொற்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து வியந்துபோனதைச் சொன்னார். நான் தினமும் வாயில் போட்டு மென்ற அத்தை, மாமா, சித்தப்பா எல்லாம் ஒரு பாடப்பிரிவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு செமஸ்டருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய கட்டுரைக்கும் அப்படித்தான். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது மூன்றுமே கடமை என்கிறார். பீரோவில் அம்மா வைத்திருக்கும் மொய் நோட்டு அதைத்தான் சொல்கிறது, வெள்ளி (ரிங்கிட்) கணக்கோடு.

இனிக் குறைகள். இரண்டாம் வருடம் களப்பயிற்சி என்று நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றி, பேராக் மேட்டுநிலத்துத் தெமியார் பழங்குடிக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய பஸ் எங்கே நுழைந்தது தெரியுமா? சுங்கை சிப்புட்டுக்குள். என் சித்தப்பா கோரேங் பீசாங் (வாழைப்பழப் பஜ்ஜி) விற்கும் கடையைத் தாண்டியது. கரண்டியோடு நின்ற அவர் என்னைக் கவனிக்கவில்லை. விரிவுரையாளர் ஒலிபெருக்கியில், "தூங்குகிறவர்கள் தூங்கலாம், களத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்றார். எங்கள் ஊர் களம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கிராமத்தில் ஐந்து நாள் இருந்தோம். முதல் மாலையே தலைவர் மரியாதையாக ஒன்று கேட்டார்: போன வருடம் வந்த மாணவர்கள் படம் எடுத்தார்களே, அனுப்புகிறோம் என்றார்களே, அவை எங்கே? யாரிடமும் பதில் இல்லை. நாங்களும் படம் எடுத்தோம். என் குழுவின் படங்களைக் கழுவி அஞ்சலில் அனுப்பினேன். மற்றவர்கள் அனுப்பினார்களா என்று கேட்க வெட்கமாக இருந்தது.

அதனால் மூன்றாம் வருட ஆய்வுக்கு எங்கள் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தையே (எஸ்டேட்டை) எடுத்தேன். "சொந்த இடமா, தூரம் போதாதே" என்று மேற்பார்வையாளர் தயங்கினார். இந்திய மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்டதை எடுத்துக்காட்டினேன். "அவர் வெளியாள்" என்றார். கடைசியில் சம்மதித்தார். ஒதுக்கிய காலம் மூன்று வாரம். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக்கின் ட்ரோபிரியாண்ட் தீவுகளில் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தார் என்று பரீட்சையில் எழுதச் சொல்லிவிட்டு எங்களுக்கு மூன்று வாரம்!

களப்பணிக்கு வந்திருக்கிறேன் என்று அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் சொன்னேன். "வெளிக்காட்டு வேலைக்கா? படித்த பிள்ளைக்கு ஏன் அந்தத் தலையெழுத்து?" என்றார். பாட்டிக்கு எண்பது வயது. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்து, பிறகு செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) உரம் போட்டவர். சுங்கை சிப்புட் என்றாலே விரிவுரையாளர்கள் 1948 ஜூன் 16ஐத்தான் கேட்பார்கள்: மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதும், அதனால் ஆங்கிலேய அரசு அவசரகாலம் அறிவித்ததும். பாட்டிக்கு அவசரகாலம் என்றால் கேட்டில் நின்ற காவலாளி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, வேலைக்குப் போகிற பாட்டியின் அம்மாவுடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தானாம். அவனும் தமிழன்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏறியது.

பிறகு லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) வரிசையாகச் சொல்லவைத்து உறவு வரைபடம் போட்டேன். என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் இடம் வந்ததும் பாட்டி, "அவர் என் அண்ணன்" என்றார். கூடப்பிறந்தவரா என்றேன். இல்லை. இவர் வீட்டார் நாமக்கல் பக்கம், அவர் தஞ்சாவூர்ப் பக்கம். லயத்தில் பக்கத்து வீடு. வந்த நாளிலிருந்து அண்ணன் என்று கூப்பிட்டார். அண்ணன் ஆனதால் அவர் பிள்ளைகளும் இவர் பிள்ளைகளும் மாமன் மகன், அத்தை மகள் ஆனார்கள். அப்படித்தான் என் அப்பா அம்மாவைக் கட்டினார். கூப்பிட்ட ஒரு சொல்லிலிருந்து ஒரு கல்யாணம். அதிலிருந்து நான். என்ன சாதி என்று கேட்டபோது மட்டும் பாட்டி அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

இரத்த உறவு இல்லை என்பதால் அவர்கள் இருவருக்கும் நடுவில் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். பாட்டிக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும். தாளில் விரலை வைத்து, "இது மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போகிறது?" என்று கேட்டார். விளக்கினேன். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. முழுக்கோடாக மாற்றி, ஏன் மாற்றினேன் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அந்த நான்கு பக்கத்தையும் அடித்துவிட்டு, மரபுப்படி புள்ளிக்கோடு என்று ஓரத்தில் எழுதினார். அந்தத் துறையின்மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். ஒப்படைத்த பிரதியில் புள்ளிக்கோடு இருக்கிறது. வீட்டுப் பிரதியில் நீலப் பேனாவால் கோட்டை நிரப்பியிருக்கிறேன். பாட்டி பக்கத்தில் நின்று பார்த்தார். விதிப்படி அவர் பெயரையும் மாற்றியிருந்தேன். அது தெரிந்ததும், "நான் என்ன திருடியா?" என்று கேட்டார். பேனாவால் அதையும் திருத்தினேன்.

வேலை? ஈப்போவில் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். சம்பளம், குளிரூட்டி பழுதுபார்க்கும் என் தம்பி சம்பாதிப்பதில் பாதி. போன மாதம் பால்மாவைப் பற்றிக் கேட்டு வீடு வீடாகப் போனோம். ஓர் அம்மா விலையுயர்ந்த மாவின் பெயரைச் சொன்னார். அலமாரியில் அந்த டின்னும் இருந்தது. எழுந்துவிடாமல் தேநீர் போடும்வரை உட்கார்ந்திருந்தேன். டின்னுக்குள் இருந்தது மலிவான பொட்டல மாவு. உடன் வந்த வணிகப் பட்டதாரி அதற்குள் அடுத்த வீட்டில் இருந்தார். காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டம்தான், மறுக்க முடியாது. ஆனால் கல்விக்கடன் மாதந்தோறும் கழிகிறது. முதல் வகுப்பில் தேறியிருந்தால் விலக்குக் கேட்டிருக்கலாம். புள்ளிக்கோடு குறுக்கே வந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வேன், அம்மா நம்பமாட்டார்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. ஆசிரியர் வேலை, அரசு வேலை என்று ஒன்றை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது சுற்றுவழி. வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது எழுந்துபோகாத பிள்ளையாக இருந்தால் சேர்த்துவிடுங்கள். சேர்ப்பதற்கு முன் துறைக்குத் தொலைபேசியில் அழைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: களப்பணி எத்தனை வாரம்? சொந்த ஊரில் செய்யலாமா? முதல் கேள்விக்கு மூன்று என்று பதில் வந்தால், விடுமுறையிலேயே பாட்டியிடம் பேச ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள்.