‘ஸ்பீடி’ மரக்கப்பல் மாதிரித் தொகுப்பு: ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மிதக்கும் கலம் என்று மதுரைக்காரர்கள் அறிந்ததெல்லாம் தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிவரும் தெப்பம்தான். அப்படிப்பட்ட ஊரில் அமர்ந்து, 1782இல் இங்கிலாந்தின் டோவரில் நீரில் இறக்கப்பட்ட ‘ஸ்பீடி’ என்னும் இரட்டைப் பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரியை, பாகங்களாக வரும் தொகுப்பிலிருந்து ஒட்டி முடித்திருக்கிறேன். சுங்க வரியோடு 24,000 ரூபாய் ஆயிற்று.

அளவு 64இல் ஒரு பங்கு. சுமார் 78 அடிக் கப்பல் 37 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. ஏராவும் (அடிமரம்) வங்குகளும் (விலா மரங்கள்) லேசரில் வெட்டப்பட்டு, உப்புத்தாள் தேய்க்கும் வேலையே அதிகமின்றிப் பொருந்துகின்றன. பித்தளைப் பீரங்கிகள் பதினான்கும் ஊதுபத்தித் துண்டுகளைப் போல இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், உண்மையிலேயே அவை நான்கு பவுண்டு குண்டு சுடும் சிறு பீரங்கிகள். ஒரு பக்கத்து ஏழு பீரங்கிகளின் குண்டுகள் முழுவதையும் சட்டைப்பைகளில் போட்டுக்கொண்டு தளத்தில் உலவலாம் என்று ஸ்பீடியின் தலைவர் தாமஸ் காக்ரேன் எழுதினார். மொத்தம் 28 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்கும் குறைவு.

1801 மே 6 அன்று பார்சலோனாவுக்கு அப்பால், 32 பீரங்கிகளும் 319 பேரும் கொண்ட ஸ்பானியக் கப்பலான ‘எல் காமோ’வை வெறும் 54 பேருடன் அவர் எப்படிப் பிடித்தார் என்பது, மாதிரியின் பக்கவாட்டை மேசை மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் எனக்கு விளங்கியது. தளம் அவ்வளவு தாழ்வாக இருந்ததால், ஸ்பீடி ஒட்டி நெருங்கியதும் எதிரியின் குண்டுகள் தலைக்கு மேலே பறந்துபோக, மேல்நோக்கி உயர்த்தப்பட்ட அதன் சிறு பீரங்கிகள் எதிரியின் தளத்தைத் துளைத்தன. பிறகு மருத்துவரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் எதிரிக் கப்பலில் ஏறினர். இவ்வளவு வரலாற்றுக்கும் கையேடு ஒதுக்கியிருப்பது இரண்டு வரிகள். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பீடியைப் பிடித்ததையும், பின்னர் நெப்போலியன் அதைப் போப்பாண்டவர் ஏழாம் பயசுக்குக் கொடுத்ததையும் அது சொல்லவே இல்லை.

பெருங்குறை, பாய்மரக் கயிறுகளுக்கென்று தரப்பட்டுள்ள நூல். பிசிறு விட்டு, இந்த அளவுக்குப் பொருந்தாத தடிமனில் இருந்த அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் மெழுகிட்ட பழுப்பு நூல்கண்டு வாங்கி முழுவதையும் கட்டினேன். சித்திரை வெயிலில் இரண்டு பலகைப் பட்டைகள் விரிசல் விட்டதற்குத் தொகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஊறவைக்காமல் வளைத்தது என் அவசரம்.

பெட்டியில் பிரிட்டன் கொடி மட்டுமே இருக்கிறது. எதிரியைக் குழப்பக் காக்ரேன் முதலில் ஏற்றியது அமெரிக்கக் கொடி. அக்காலத்து வழக்கப்படி 15 நட்சத்திரங்களும் 15 பட்டைகளும் கொண்ட அதை நானே துணியில் வரைந்தேன். கடைசிப் பட்டைக்கு இடம் போதவில்லை.