நாய், பூனைப் பல் பராமரிப்புப் பொருட்கள்: நாள்பட்ட பயன்பாட்டில் எது தேறுகிறது?

பெட் ஷாப்பில் தரும் பல் கிட்டில் சிலிக்கான் விரலுறை, இரட்டைத் தலை பிரஷ், சின்ன பேஸ்ட் மூன்றும் இருக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தால் தேறுவது பேஸ்ட் மட்டுமே. விரலுறையின் முட்கள் தடிமன். பல்லின் முகத்தைத் துடைக்கும், ஈறும் பல்லும் சேரும் இடுக்கில் நுழையாது. நோய் தொடங்குவதே அந்த இடுக்கில்தான். வாயைத் தொடவிட்டுப் பழக்கும் வரை விரலுறை போதும், அப்புறம் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷுக்கு மாறிவிடுங்கள்.

பேஸ்ட், விர்பாக் சி.இ.டி. மாதிரி என்சைம் வகையாக இருக்கட்டும். நாய்க்குப் பட்டாணி அளவு, பூனைக்கு ஓர் அரிசி அளவு. பிரஷின் மேலாக வைத்தால் நக்கித் தின்றுவிட்டு ஓடிவிடும். நார்களுக்குள் அழுத்திவிடுங்கள். துலக்கியபின் கழுவ வேண்டாம். நம்முடைய பேஸ்ட் கூடவே கூடாது. நாய்க்கும் பூனைக்கும் துப்பத் தெரியாது, ஃபுளோரைடு வயிற்றுக்குள் போகும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

வாயைத் திறக்க மல்லுக்கட்டத் தேவையில்லை. மூடிய வாயிலேயே உதட்டை மேலே தூக்கி, பிரஷை ஈறு நோக்கி 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். பக்கத்துக்கு அரை நிமிடம். முதலில் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல். கன்னத்து உமிழ்நீர்க் குழாய் அதன் அருகே திறப்பதால் காரை, அதாவது பல்லில் ஒட்டிக் கெட்டியாகும் படிவு, முதலில் அங்கேதான் பிடிக்கும். உட்பக்கத்தை ஓரளவு நாக்கே பார்த்துக்கொள்ளும்.

பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிக் காரையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துலக்குவது மனத்திருப்திக்குத்தான். காரையான பின் எந்த பிரஷுக்கும் அது அசையாது. மயக்க மருந்தில்லாமல் சுரண்டித் தருவதாகச் சொல்லும் இடங்களில் பல் வெள்ளையாகும், ஈறுக்கடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

பல் சுத்தத்துக்கான மெல்லும் குச்சியில் வி.ஓ.எச்.சி. (கால்நடை வாய்நலக் குழு) முத்திரை உள்ளதாகப் பாருங்கள். நாயின் எடைக்கேற்ற அளவு முக்கியம். அவக் அவக்கென்று விழுங்கும் லாப்ரடாருக்குக் கொடுப்பது வெறும் தீனி, அந்தக் கலோரியைச் சாப்பாட்டில் குறைக்க வேண்டும். கட்டைவிரல் நகம் பதியாத எதையும் கொடுக்காதீர்கள். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, எலும்பு எல்லாம் அதே கடைவாய்ப்பல்லைச் செதிலாகப் பிளந்துவிடும்.

குடிக்கும் தண்ணீரில் கலக்கும் பல் சுத்தத் திரவத்தை பிரஷுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். வாசனை பிடிக்காத பூனை தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும், அது வேறு வம்பு.

பூனையின் பல்லைத் தொட்டதும் தாடை வெடவெடவென்று நடுங்கினால் பிரஷைக் கீழே வையுங்கள். பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் நோயாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்ய முடியும். பெரும்பாலும் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டிவரும். ஆரம்பத்தில் பிரஷில் லேசாக ரத்தம் படிவது ஈறு வீக்கத்தால். தினமும் துலக்கியும் இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.