எட்டு வருடம் ஓடிப் பார்த்ததில்: சென்னையில் எங்கே ஓடலாம், எந்தப் பந்தயத்துக்குப் போகலாம்

2017 சித்திரையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கத்தான் ஆரம்பித்தேன். ஆடி பிறப்பதற்குள் அது ஓட்டமாகிவிட்டது. இதுவரை இந்த ஊருக்குள் பத்து ஹாஃப் (21 கிலோமீட்டர் அரை மாரத்தான்), மூன்று ஃபுல் (42 கிலோமீட்டர் முழு மாரத்தான்) முடித்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள், முக்கியமாகப் பெண்கள், "எங்கே ஓடறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு ஓடுகிறேன் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலை காலை 4.45-க்கு ஒரு சாலை, 6.45-க்கு வேறு சாலை.

என் முதல் சிபாரிசு மெரினா, கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை. ஒரு பக்கம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று தடவை போய்த் திரும்பினால் இருபதை ஒட்டி வந்துவிடும். வெளிச்சம் உண்டு, நாலரை மணிக்கே ஆள் நடமாட்டம் உண்டு. இருட்டில் தனியாக ஓடும் பெண்ணுக்கு இந்த இரண்டும் இருந்தால்தான் மற்றதைப் பற்றி யோசிக்கவே முடியும். காந்தி சிலை, உழைப்பாளர் சிலை என்று தூரத்தைச் சிலைகளாலேயே எண்ணிக்கொள்ளலாம். நடைமேடைக் கல்லில் ஓடாதீர்கள். மழை ஈரத்தில் வழுக்கும், கால் எலும்பும் வலிக்கும். மணல் பக்கத்துத் தார்ச்சாலைதான் சரி.

அங்கிருந்து தெற்கே பட்டினப்பாக்கம் வரை லூப் ரோடு. ஆறு மணிக்கு மேல் நொச்சிக்குப்பம் பக்கம் படகுகள் கரையேறி, வலையை உதறி மீனைப் பிரிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். நாம்தான் ஒதுங்கி ஓட வேண்டும். மீன் கூடையோடு உட்காரும் ஒரு அம்மா, நான் கொஞ்சம் தாமதமாகக் கடந்தாலே "இன்னா கண்ணு, இன்னிக்கு லேட்டு?" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடத் தோன்றும்.

இனி புழுக்கம். சென்னை ஓட்டத்தில் பாதிப் பேச்சு இதைப் பற்றித்தான். மே மாதம் காலை ஐந்து மணிக்கே 28 டிகிரி இருக்கும். அதைவிடக் காற்றில் உள்ள ஈரம்தான் படுத்தும். வியர்வை ஆவியாகாமல் அப்படியே வழிவதால் உடம்பு குளிராது, இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். மார்கழியில் நான் கிலோமீட்டருக்கு ஆறே கால் நிமிடத்தில் சுகமாக ஓடும் அதே தூரத்துக்கு, கத்திரியில் ஏழு நிமிடம் வேண்டும். இரண்டாம் வருடம் இது புரியாமல், பழைய வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று ஓடி, காந்தி சிலைக்குக் கீழே தலை சுற்றி உட்கார்ந்தேன். காலணிக்குள் வியர்வை தேங்கி, அடி வைக்கும்போதெல்லாம் சளக் சளக்கென்றது. வீட்டுக்கு வந்து எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ குறைவு. அன்றிலிருந்து வெயில் மாதங்களில் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மூச்சைத்தான் பார்க்கிறேன். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் அன்றைய வேகம். பத்து கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றைக் கரைத்து எடுத்துப் போகிறேன். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, அது இன்னொரு ஆபத்து. முடிந்ததும் உப்புப் போட்ட மோர். காலணி இரண்டு ஜோடி அவசியம். ஐப்பசி மழையில் ஒரு ஜோடி, நியூஸ்பேப்பர் திணித்து வைத்தாலும், ஒரே நாளில் காயாது.

மற்ற இடங்கள்: பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை சின்ன ஓட்டத்துக்கு அருமை, நீளமாக ஓடினால் சுற்றிச் சுற்றி அலுத்துவிடும். அண்ணா நகர்க்காரர்களுக்கு டவர் பார்க் இருக்கிறது, நடப்பவர்கள் கூட்டத்தில் வேகம் எடுக்க முடியாது. தட்டையான இந்த ஊரில் மேடு வேண்டுமென்றால் பரங்கிமலை. சுமார் 300 அடிதான், ஆனால் நாலு தடவை ஏறி இறங்கினால் தொடை பேசும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக ஓடவே வேண்டாம். வண்டிகள் வரும் வேகம் அப்படி. குழுவோடு போனாலும், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரம் ஓடுங்கள். சாலை ஓரம் சரிவாக இருப்பதால் எப்போதும் ஒரே பக்கம் ஓடி எனக்கு முட்டியின் வெளிப்புறம் வலி வந்து ஆறு வாரம் போயிற்று. அதனால் இப்போது வாரம் ஒரு நாள்தான் சரிவுள்ள சாலை.

பந்தயம் என்று வந்தால் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத்தான் என் ஓட்டு. பல வருடங்களாக நேப்பியர் பாலத்தில் தொடங்கியிருக்கிறது. ஃபுல் ஓடுபவர்கள் நாலு மணி இருட்டில் கிளம்புவார்கள். மார்கழிக் குளிரில் 21, 22 டிகிரி கிடைப்பது இந்த ஊரில் வரம். ஃபுல்லுக்கும் ஹாஃபுக்கும் நடுவே 32 கிலோமீட்டர் பிரிவு ஒன்றும் உண்டு. முதல் ஃபுல்லுக்கு முந்தைய வருடம் அதைத்தான் ஓடினேன், அப்படியே செய்யச் சொல்வேன். சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பேட்டைவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. லாங் ரன்னுக்குத் துணை வேண்டுமென்றால் அங்கே சேருங்கள்.

ஜூலையில் ட்ரீம் ரன்னர்ஸ் ஹாஃப். கை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்த நிதி திரட்டும் ஓட்டம். நேரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஜூலைப் புழுக்கம் விடாது. நான் வருடா வருடம் போகிறேன். செயற்கைக் காலோடு ஒருவர் என் பக்கத்தில் பத்து கிலோமீட்டரை முடித்ததைப் பார்த்த பிறகு, போகாமல் இருக்க மனம் வரவில்லை.

புதுப் பந்தயங்களில் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஒரு ஹாஃபில் 16-வது கிலோமீட்டர் மேசையில் தண்ணீர் தீர்ந்துபோய், காலி டம்ளர்கள்தான் கிடந்தன. ஏழரை மணி வெயில். பின்னால் வந்த எங்களுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் குடம் குடமாக ஊற்றினார். காசு வாங்கவே இல்லை. அதன் பிறகு முந்தைய வருடம் கடைசியாக முடித்தவர்களைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் இருந்ததா, பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை, வழியில் வண்டிகளை நிறுத்தினார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுக்கிறேன். முன்னால் ஓடுபவர்களுக்கு எல்லாப் பந்தயமும் நன்றாகத்தான் இருக்கும்.

வரும் ஜனவரி ஃபுல்லுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. இந்த ஞாயிறு 24 கிலோமீட்டர், கலங்கரை விளக்கம், காலை நாலரை மணி. பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். மோர் நான் கொண்டு வருகிறேன்.