லவ் பேர்ட்ஸ் செட்: கூண்டு பாஸ், பானைக்கு அரை மார்க்

பறவைக் கடையில் போய் "லவ் பேர்ட்ஸ் வளர்க்கணும், குஞ்சு எடுக்கணும்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே மாதிரி செட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இரண்டடி கம்பிக் கூண்டு, முட்டையிட ஒரு மண்பானை, இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், குறுக்கே போட ஒரு வழுவழுப்பான குச்சி, ஒரு கிலோ தினை, கூடவே ஒரு ஜோடி. இதை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் குஞ்சு பொரிக்குமா என்றால், பொரிக்கும். அதில் எத்தனை குஞ்சு கால் நேராக வளர்ந்து பறக்கும் என்று கேட்டால்தான் இந்த செட் தடுமாறுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பட்ஜிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை, யூகலிப்டஸ் மரப்பொந்தில் முட்டையிடுவது. 1840இல் ஜான் கூல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகமெங்கும் வீட்டுப் பறவை ஆனது. உண்மையான லவ் பேர்ட் இனத்தைக் கடைக்காரர்கள் "ஆப்பிரிக்கன்" என்று தனியாகச் சொல்வார்கள். அதன் அலகு பலமானது, கூடு கட்ட நார் கேட்கும். பட்ஜிக்கு நாரும் வேண்டாம், வைக்கோலும் வேண்டாம், பொந்து மட்டும் போதும். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பட்ஜிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கூண்டுக்கு வருவோம். 24 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம் உள்ள மடக்குக் கூண்டு ஒரு ஜோடிக்குச் சரியான அளவு. பட்ஜி மேலும் கீழும் பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். அதனால் கோபுரம் வைத்த அழகுக் கூண்டைவிட இந்தப் பெட்டிக் கூண்டு எவ்வளவோ மேல். கம்பி இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. புறாவுக்குச் செய்த கூண்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் முதல் முறை வெளியே வரும் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும்.

கம்பியைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பெயின்ட் பூசாத வெள்ளிநிறக் கம்பி என்றால், முனைகளில் மெழுகு உருகி உறைந்தது போலத் துத்தநாகத் திட்டுகள் இருக்கும். பட்ஜி நாளெல்லாம் கம்பியைக் கொறிக்கும் பறவை. அந்தத் திட்டு வயிற்றுக்குள் போனால் விஷம். வினிகர் தொட்ட இரும்பு பிரஷால் கூண்டு முழுவதையும் தேய்த்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விட வேண்டும். இன்னொன்று, மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கதவுகள். இதை அலகால் தூக்கிவிட்டு வெளியே போக பட்ஜிக்கு இரண்டு நாள் பழக்கம் போதும். கதவுக்கு ஒரு துணி கிளிப் போட்டுவிடுங்கள். இந்த இரண்டும் தவிர கூண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செட்டோடு வரும் குச்சியைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒரே தடிமனும் வழுவழுப்பும் உள்ள குச்சியில் நாளெல்லாம் நின்றால் பாதம் புண்ணாகும். வேம்பு அல்லது கொய்யாக் கிளை, விரல் தடிமனில் இரண்டு வெட்டி, பட்டையோடு வைத்தால் நகமும் தேயும், கொறிக்கவும் ஆகும். முக்கியமானது, அது ஆடக் கூடாது. ஆண் பறவை பெட்டையின் மேல் ஏறி நின்றுதான் இணைசேரும். குச்சி உருண்டால் இரண்டும் சரிந்துவிடும். ஐந்து முட்டையும் கூமுட்டையாகப் போவதற்கு ஆண் பறவையைக் குறை சொல்வதற்கு முன் குச்சியை அசைத்துப் பாருங்கள்.

அடுத்தது பானை. இதற்குத்தான் அரை மார்க். மண்பானை மோசம் என்று சொல்ல முடியாது. மரப்பெட்டியின் இணைப்புகளில் பேன் ஒளிந்துகொள்ளும். பானையில் அதற்கு இடுக்கு இல்லை. கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்தால் அடுத்த ஈட்டுக்குத் தயார். உருண்டை அடி என்பதால் முட்டைகள் சிதறாமல் நடுவில் கூடும். விலையும் குறைவு. ஆனால் எல்லாப் பானையும் குஞ்சு எடுக்கும் பானை இல்லை.

வாயைப் பாருங்கள். 4 சென்டிமீட்டர் விட்டம் போதும். பெரிய ஓட்டை இருந்தால் வெளிச்சம் உள்ளே கொட்டும், பெட்டை தயங்கும். ஓட்டையின் கீழ் விளிம்புக்கும் பானையின் அடிக்கும் குறைந்தது நான்கு அங்குல ஆழம் வேண்டும். ஆழம் குறைந்த பானையில் மூன்று வாரக் குஞ்சு விளிம்பில் ஏறி விழுந்துவிடும். விழுந்த குஞ்சைத் தாய் உள்ளே தூக்கிப் போகாது. உள் அகலம் ஆறு அங்குலத்துக்குக் குறைந்தால் ஐந்து குஞ்சுக்கு இடம் பற்றாது. வெளியே பெயின்ட் அடித்துப் பூ வரைந்த பானை வேண்டவே வேண்டாம், அந்தப் பெயின்ட் அலகு வழியாக வயிற்றுக்குப் போகும். கடைசியாக, மேல்மூடி. மூடி இல்லாத பானையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே பார்க்க முடியாவிட்டால் செத்த குஞ்சு அழுகி மற்றதையும் கெடுத்த பிறகுதான் நாற்றம் வந்து தெரியும்.

சரியான பானை கிடைத்தாலும் ஒரு வேலை பாக்கி. உள்ளே அடி வழவழப்பு. வெறும் பானையில் குஞ்சின் கால் பிடிப்பில்லாமல் இரண்டு பக்கமும் அகன்று, தவளை போலப் படுத்துவிடும். பெட்டை அழுத்தி உட்காருவதும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் சேர்ந்தால் இன்னும் மோசம். தச்சுப் பட்டறையிலிருந்து இழைத்த மரச்சுருள் (பொடித்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும்) ஒரு அங்குலம் நிரப்புங்கள். பெட்டை பாதியை வெளியே தள்ளும், மறுபடி போடுங்கள். பிளைவுட் சுருளும் பாலிஷ் வாடை அடிக்கும் சுருளும் ஆகாது. இவ்வளவு பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், அடியில் கிண்ணம் போலக் குடைந்த பலகை வைத்த மரப்பெட்டியை வாங்கிவிடலாம். விலை கூடுதல்தான், ஆனால் திறந்து பார்ப்பது சுலபம். தட்டை அடி உள்ள பெட்டி மட்டும் பானையைவிட மோசம்.

தொங்கவிடும் இடமும் பேச வேண்டியது. கூண்டின் மேல் மூலையில், உட்காரும் குச்சிக்கு எதிர்ப்பக்கம், தடித்த கம்பியால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். செட்டோடு தரும் ஒற்றைக் கொக்கி ஐந்து குஞ்சும் தாயும் உள்ளே இருக்கும்போது வளைந்துகொடுக்கும். ஒரு பெரிய கூண்டில் பல ஜோடி விட்டால், ஜோடியைவிடக் கூடுதலான பானை, எல்லாம் ஒரே உயரத்தில். மேலே தொங்கும் பானைக்காகப் பெட்டைகள் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும் அளவுக்குப் போகும்.

தினை நல்ல தீனிதான், அது மட்டுமே தீனியாக இருப்பதில்தான் வம்பு. வெறும் விதையில் வைட்டமின் ஏ இல்லை, சுண்ணாம்பும் பற்றாது. ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி கலவை: தினையும் பனிவரகும் பெரும்பங்கு, கனேரி விதை கொஞ்சம். சூரியகாந்தி விதை கொழுப்பு, வாரத்துக்கு நாலைந்து விதைக்கு மேல் வேண்டாம். முருங்கைக்கீரை ஒரு கொத்துக் கட்டித் தொங்கவிட்டால் குச்சி மட்டும்தான் மிஞ்சும். கொத்தமல்லி, முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட் எல்லாம் சரி. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, உப்புப் போட்ட எதுவும் ஆகாது. குஞ்சு இருக்கும்போது தினமும் அவித்த முட்டை கால் பங்கு உதிர்த்து வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நம் வெயிலுக்கு அதற்குமேல் தாங்காது.

கிண்ணத்தைப் பற்றி ஒன்று. பட்ஜி விதையை உரித்துத் தின்று உமியை அங்கேயே போடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் ததும்பி நிற்கும், ஊதினால் அடியில் நாலு விதை இருக்கும். "தீனி இருந்ததே, ஏன் செத்தது" என்கிற கேள்விக்குப் பல வீட்டில் பதில் இதுதான். தினம் ஒருமுறை ஊதுங்கள்.

சுண்ணாம்புக்காகக் கடையில் நிறமேற்றிய மினரல் கட்டி ஒன்றைச் சேர்த்து விற்பார்கள். அதற்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள். அது கணவாய் ஓடுதான். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, காயவைத்து, மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். முட்டையிடும் வாரத்தில் பெட்டை அதைச் சுரண்டும் வேகத்தைப் பார்த்தாலே எவ்வளவு தேவை என்று புரியும்.

ஜோடி என்று கொடுப்பது ஜோடிதானா என்பதை மூக்கில் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அலகுக்கு மேலே உள்ள சதை நீலம். பெட்டைக்குப் பழுப்பு, முட்டைக்குத் தயாரானால் தடித்துச் செதில் போல ஆகும். மஞ்சளிலும் வெள்ளையிலும் சிவப்புக் கண் உள்ள ஆண்களுக்கு மூக்கு நீலமாகாது, இளஞ்சிவப்பாகவே நிற்கும், அங்கேதான் ஏமாறுவது. நெற்றியில் மூக்கு வரை கோடுகள் இறங்கியிருந்தால் அது நாலு மாதம்கூட ஆகாத குஞ்சு. பெட்டைக்குப் பத்து மாதமாவது ஆகாமல் பானை வைத்தால் முட்டை அடைப்பில் (முட்டை வெளியே வராமல் உள்ளே சிக்கிக்கொள்வது) போய்விடும். ஆசனவாய் ஈரமாக ஒட்டியிருந்தாலோ, மூக்கும் அலகும் தேன்கூடு போலப் பொரிந்திருந்தாலோ (அது பூச்சி, மருத்துவர் மருந்தில் போகும், மற்றதற்கும் தொற்றும்) அந்தக் கூண்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற திறந்தவெளியில் வாங்குவதானால் காலையிலேயே போங்கள். உச்சி வெயிலில் நோய்ப் பறவையும் வெயிலில் களைத்த பறவையும் ஒன்றுபோல்தான் தெரியும்.

பானையை முதல் நாளே மாட்டச் சொல்வார்கள். மாட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் ஜோடி பழகட்டும், ஆண் ஊட்டிவிடுவதைப் பார்த்த பிறகு மாட்டுங்கள். பிறகு பத்துப் பதினைந்து நாளில் முதல் முட்டை வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலிலிருந்து ஆறு. பெட்டைதான் அடைகாக்கும், 18 நாள். ஏழாம் நாள் இருட்டில் போன் டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்தால், உள்ளே சிவப்பு நூல் சிலந்திவலை போல ஓடியிருக்க வேண்டும். மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கூமுட்டை. ஒரு நாள் விட்டுப் பொரிப்பதால், ஆறு முட்டையானால் கடைசிக் குஞ்சு பிறக்கும்போது மூத்தது பத்து நாள் பெரிது. சின்னதன் கழுத்தடியில் உள்ள தீனிப்பை மாலையில் வெள்ளையாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக இருந்தால் பெரிதுகளின் அடியில் நசுங்குகிறது. கால் விரலிலும் மேலலகின் உள்ளேயும் காய்ந்து ஒட்டும் தீனியை வெந்நீர்ப் பஞ்சால் எடுக்காவிட்டால் அலகு கோணிக்கொள்ளும். 30 முதல் 35 நாளில் வெளியே வரும், ஆறாவது வாரத்தில் தனியாக உரித்துத் தின்பதைப் பார்த்த பிறகு பிரிக்கலாம்.

முட்டை அடைப்பு வந்தால் பெட்டை கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கும். எண்ணெய் தடவி வயிற்றை அமுக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் பறவை போய்விடும். 30 டிகிரிச் சூடு, பக்கத்தில் ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரம், உடனே மருத்துவர். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொசுவத்திச் சுருள், ஸ்பிரே, அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் சட்டியின் புகை, இவை எதுவும் பறவை இருக்கும் அறைக்கு வரக் கூடாது. நான்ஸ்டிக் புகை சில நிமிடத்தில் கொல்லும்.

எந்த செட்டிலும் வராத ஒரு பாகம் இருக்கிறது: எறும்புத் தடுப்பு. சிவப்பெறும்பு ஒரே இரவில் இரண்டு நாள் குஞ்சுகளை முடித்துவிடும். கூண்டை நாலு கால் ஸ்டாண்டில் வைத்து, கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம். சுவரில் ஆணியில் மாட்டினால் அந்த வசதி போய்விடும், தவிர சுவர் பல்லிக்கும் எலிக்கும் பாதை.

இரண்டு ஈட்டுக் குஞ்சு எடுத்ததும் பானையைக் கழற்றி நாலைந்து மாதம் ஓய்வு கொடுங்கள், சித்திரை வெயில் அந்த இடைவெளியில் வரும்படி பார்த்துக்கொண்டால் நல்லது. பானை போன பிறகும் சில பெட்டைகள் தீனிக் கிண்ணத்திலேயே முட்டை போடும். அப்போது கிண்ணத்தை ஆழம் குறைந்ததாக மாற்றி, முட்டைத் தீனியை நிறுத்தி, மாலை ஆறு மணிக்கே கூண்டுக்குத் துணி போட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.